நாலு ‘திரும்பி வாடா’

தான் திருத்தாத கவிதையே கிடையாது என்று மேசைமேல் இருந்த சிவப்புப் பேனாவுக்கு ஒரே பெருமை. அன்று ஒரு காகிதத்தில் இருந்த கவிதையை அலசியது.

“மோனை பிரமாதம். எதுகை சுத்தம். சந்தம் எங்கேயும் இடறவில்லை. ஆனால் ‘திரும்பி வாடா’ நாலு தடவை வருகிறதே! கூறியது கூறல் குற்றமாயிற்றே. மூன்றை அடித்துவிடுகிறேன்.”

காகிதம் நிமிர்ந்தது. “எந்த மூன்றை? என்னை எழுதியவள் முதல் தடவை கூப்பிட்டபோது மகன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அடுத்த தடவை தெருமுனையில் இருந்தான். மூன்றாவதில் பஸ் கிளம்பிவிட்டது. நாலாவதை அவள் வெறும் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.”

பேனா மூடியைப் போட்டுக்கொண்டது.

இப்போதும் அது பெருமையடிக்கத்தான் செய்கிறது: “நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடாத கவிதை ஒன்று இருக்கிறது, தெரியுமா?”