பதினெட்டு தவளைகளின் வாக்கு

சாலையோரக் குட்டை வற்றிக்கொண்டே வந்தது. இன்னும் நாலு நாளில் சேறுதான் மிஞ்சும் என்று தெரிந்ததும், ஒரு தாய்த் தவளை தன் மூன்று குட்டிகளோடு சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரிக்குக் குடிபோக நினைத்தது. விசாரிக்காமல் அது எதையும் செய்யாது. போன மழைக்காலத்தில் ஏரியிலிருந்து குட்டைக்கு வந்த தவளைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்க் கேட்டது.

“ரோட்டைத் தாண்டுறது கஷ்டமா?”

“கஷ்டமா? நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டே வந்தேன்.”

பதினெட்டு தவளைகளும் இதையேதான் சொல்லின. தாய்த் தவளைக்கு மனசு லேசாகிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

மைல்கல்லின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. தவளை புதருக்குள் ஒதுங்கி நின்றது.

“எங்கே கிளம்பிட்டே?” என்றது காகம்.

“ஏரிக்கு. தாண்டி வந்தவங்க பதினெட்டு பேரைக் கேட்டுட்டேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லையாம்.”

“பாதி ரோட்டுல நின்னுபோனவங்களைக் கேட்டியா?”

“அவங்களை நான் எங்கே போய்க் கேட்கிறது?”

“அதுவும் சரிதான். அவங்களை நான்தான் பார்க்கிறேன்” என்றது காகம். “எத்தனை பேருன்னு எண்ணினதில்லை. ஆனா இந்த ரோட்டுக்கு வந்த நாள்லேருந்து ஒரு வேளைகூட நான் பட்டினி கிடந்ததில்லை.”

ஒரு லாரி இரைந்துகொண்டு போனது. தவளை குட்டிகளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய் எங்காவது இருக்குமா என்று ஓரமாகவே தேடிக்கொண்டு போனது.