ஒரு வாய் குமிஸ்

"ஒரு வாயாவது வை. பிள்ளைக்கு ஆசீர்வாதம் இது!"

மாமியார் நீட்டிய கிண்ணத்தைச் சைராகான் வாங்கவே இல்லை.

"வேண்டாம் அத்தை."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேரன் எர்போல் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று, அவன் காலில் நூல் கட்டி அறுக்கும் விருந்து. கிண்ணத்தில் இருந்தது வீட்டுக் குதிரையின் பாலைப் புளிக்க வைத்த குமிஸ். பிடிக்காதவர்கள்கூட உதட்டில் ஒற்றிவிட்டுத்தான் கீழே வைப்பார்கள்.

"பெரிய மருமகளுக்கு டவுன் ஜூஸ்தான் இறங்கும் போல!" என்றாள் பக்கத்து வீட்டு உபல்கான். நாலு பேர் சிரித்தார்கள்.

மூலையில் தலையணையில் சாய்ந்திருந்த பெர்மெத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எர்போல் அவள் பெற்ற பிள்ளை. ஆபரேஷன் பண்ணி அவனை எடுத்ததிலிருந்து ஓயாத வயிற்றுப்போக்கு, மருந்துக்கு மேல் மருந்து, பாதி நாள் ஆஸ்பத்திரி. பிள்ளையை வளர்ப்பதெல்லாம் ஓரகத்தி சைராகான்தான். அவளுக்குக் குழந்தை இல்லை.

"வாடா செல்லம்," என்று பெர்மெத் கை நீட்டினாள்.

எர்போல் தள்ளாடி நடந்து, அவளைத் தாண்டிப் போய், சைராகானின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

நீட்டிய கையைப் பெர்மெத் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

விருந்து முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"என் பிள்ளைக்கு ஒரு வாய் வைக்கக்கூட உனக்கு மனசு வரலையாக்கா?"

"ஒண்ணுமில்ல. போய்ப் படு."

"நான் எழுந்திருக்கவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டியா? அவன் உனக்கே இருக்கட்டும்னா?"

சைராகான் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள்.

திங்கட்கிழமை புருஷன் பெர்மெத்தை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அன்றைக்குப் புது வைத்தியம்.

"மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு உன் குடல்ல இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சு," என்றாள் டாக்டரம்மா. "உடம்புல எந்த ஜீன் முழிக்கணும், எது தூங்கணும்னு அதுங்கதான் சேதி அனுப்பும். சேதி வராததால குடல் புண் ஆற மாட்டேங்குது. நல்லா இருக்கற ஒருத்தர் குடல்லேர்ந்து வந்த கிருமியை உனக்குள்ள விடப்போறோம்."

"எதுலேர்ந்து எடுப்பீங்க?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கழிவறைக் கதவைக் காட்டினாள். பெர்மெத் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அய்யோ! யாரு இதைப் போய்க் கொடுத்தது?"

"ரெண்டு மாசமா காய்ச்சாத பால் இல்ல, குமிஸ் இல்ல, தலைவலிக்கு ஒரு மாத்திரைகூட இல்ல. நாங்க சொன்னதை ஒண்ணு விடாம கேட்டவங்க. வெளியே பெஞ்சுல இருக்காங்க பாரு."

பெர்மெத் எட்டிப் பார்த்தாள்.

சைராகான், தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா... அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னத்தைச் சொல்ல? அத்தை கேட்டா சிரிச்சே உசிரை விட்டிருப்பாங்க."

பெர்மெத் அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அழாதடி. சீக்கிரம் தேறி வீட்டுக்கு வா. அவனுக்கு இன்னும் பேச்சு வரல. அவன் என்னை அம்மான்னு கூப்பிடறதுக்குள்ள வந்துடு."