உடையப்பனுக்கு அஞ்சலி

'உடையப்பா, உன் நாற்காலி இனி காலியாகவே இருக்கும்' என்று சக எழுத்தாளருக்கான அஞ்சலியை எழுதி முடித்துவிட்டு, எழுத்தாளர் செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு வருடத்தில் அவர் எழுதி முடித்த முதல் விஷயம் அது. மேசையைக் கிழக்கே திருப்பிப் பார்த்தார், சிறுமலையில் அறை எடுத்துத் தங்கிப் பார்த்தார், நாலு பேனா மாற்றினார். ஒரு வரி நகரவில்லை. எழுத முடியாத வேதனையைப் பற்றிக் கூட்டங்களில் பேசிக் கைதட்டல் வாங்கியதோடு சரி. இப்போது ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து பக்கம்!

காபி கொண்டுவந்த மனைவி மணிமேகலை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயையோ, உடையப்பண்ணே போயிட்டாகளா?"

"இல்ல, மதுரை ஆஸ்பத்திரியில ஐசியூல கெடக்கான். எடிட்டர் போன் பண்ணுனாரு. முன்கூட்டியே எழுதி வாங்கி வச்சுக்கிறதுதான் அவங்க பத்திரிகை வழக்கமாம்."

"உசுரோட இருக்குற மனுசனுக்கா? அதுவும் முப்பது வருசப் பழக்கம்!"

"செத்த நேரம் சும்மா இரு. நடை நல்லா வந்துருக்கு, திருப்பிப் படிக்கிறேன்."

அன்றே அனுப்பினார். 'உங்கள் எழுத்திலேயே இதுதான் உச்சம்' என்று எடிட்டர் பதில் போட்டார். அஞ்சலிக் கூட்டத்தில் எந்தப் பத்தியை வாசிக்கலாம் என்று செழியன் அடிக்கோடிட்டு வைத்தார்.

பத்தாம் நாள், உடையப்பன் பிழைத்து ஆத்தூர் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது.

"நல்ல வேளை" என்றார் செழியன். மத்தியானச் சோறு இறங்கவில்லை.

"அஞ்சு பக்கம்... அம்புட்டும் வீணாப் போச்சே!"

அடுத்த மாதம் உடையப்பனே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"எடிட்டர் என்னையப் பாக்க வந்தாரு. நீ எழுதுனதக் காட்டுனாரு."

செழியன் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அது வந்து... தப்பா எடுத்துக்காத உடையப்பா."

"தப்பென்ன? ரெண்டு தடவ படிச்சேன். நாலாம் பக்கத்துல எனக்கே அழுக வந்துருச்சு."

"நெசமாவா?" செழியன் முகம் மலர்ந்தது. "அச்சுல வரலியேன்னுதான் எனக்கு வருத்தம்."

உடையப்பன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"எனக்குப் புரியாதா? ஒனக்கு நான் எழுதுன அஞ்சலி மூணு வருசமா அவருகிட்டக் கெடக்கு. நீதான் வெளியிட விடமாட்டேங்குற."