மாசிலாமணியின் முறை

ஆளுக்கு ஆயுளில் ஒரே ஒரு சூரிய உதயம்தான் என்பது அந்த மலைப்பூங்காவின் விதி. கூடாரம் போடும் மாசிலாமணியின் முறை கைக்குழந்தைப் பருவத்திலேயே கழிந்துவிட்டது. அதனால் தினமும் விடியும்போது கிழக்குக்கு முதுகு காட்டி நிற்பார்.

முகாமுக்கு வந்திருந்த பூங்கோதை, "நீங்க பாக்கலையாண்ணே?" என்றாள்.

"அம்மா தூக்கிட்டு வந்தப்பவே என் முறை முடிஞ்சிருச்சும்மா. நான் நல்லாத் தூங்கிட்டேனாம்!" என்று சிரித்தார். "ஆமா, அது எப்படித்தான் இருக்கும்?"

அவள் தான் இடம்பிடித்திருந்த பாறையிலிருந்து இறங்கி, அவருக்கு நேரெதிரே வந்து நின்றாள். "நீங்க திரும்ப வேணாம். என் மூக்குக்கண்ணாடியப் பாருங்க."

இரண்டு வில்லைகளிலும் செம்பொட்டாய்ச் சூரியன் எழுந்தது. மாசிலாமணி கைகூப்பினார். குளிர்காற்றில் கண்ணீர் வழிந்தும், உதயம் முடியும்வரை அவள் தலையை அசைக்கவே இல்லை.