நெட்டில் பார்த்த வழி

“அந்தப் பாறையில கால் வைக்காதே, வழுக்கும். கம்பியைப் பிடிச்சுக்கோ.”

காரை விட்டு இறங்கியதிலிருந்து கணவன் இப்படித்தான் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். காலையில் பார்த்த அருவியிலும் இதே பாட்டு. இப்போது மலைமேல் இருக்கும் இரண்டாவது அருவிக்கு ஏறும் பாதையிலும் விடவில்லை.

“நாம இங்க வர்றதே முதல் தடவை. எந்தப் பாறை வழுக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நெட்ல பார்த்தேன்.”

“நான் என்ன பச்சைக் குழந்தையா? வாயை மூடிக்கிட்டு வாங்க.”

மூடிக்கொண்டான். ஒரு வளைவு வரைக்கும்தான் தாங்கியது.

“இங்க கொஞ்சம் உட்காந்துட்டுப் போலாம். இதுக்கு மேல உட்கார இடமே கிடையாது.”

அவள் காதில் வாங்காமல் ஏறினாள்.

மேலே அருவிக்கு எதிரே நின்றிருந்த காவலாளி அவனைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன சார், கால் சரியாயிடுச்சா? போன வாரம் முட்டியை மடக்க முடியாம கட்டை வச்சுக் கட்டிக்கிட்டு, தனியா நொண்டி நொண்டி ஏறி வந்தீங்களே. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், கேட்டீங்களா?”

கணவன் அவசரமாக அருவியை ரசிக்க ஆரம்பித்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். விபத்துக்குப் பிறகு பொருத்திய, முட்டி சரியாக மடங்காத அவளுடைய செயற்கைக் காலில் சாரல் தெறித்துக்கொண்டிருந்தது.

“நெட்லதான் பார்த்தீங்களா?”



அவள் அவன் தோளைப் பற்றிக்கொண்டாள்.

“அடுத்த அருவிக்குப் போலாம். வாயை மூடாம வாங்க.”