மைனஸ் எண்பது

"கதவைச் சாத்திட்டு வா சந்திரகலா. அழுதுகிட்டே சொன்னா எனக்கு ஒண்ணும் விளங்காது."

டாக்டர் கனகலிங்கம் குரலை உயர்த்தவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கோலாலம்பூரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர், ஒரு சோதனைக் குழாயில் தேதியை மாற்றி எழுதியதற்காக அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, நடந்ததைச் சொன்னாள்.

எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் புரதத்தைப் பற்றியதுதான். எலியின் மரபணுவை வேறு செல்களுக்குள் புகுத்தி, வளர்த்து, பிரித்தெடுத்த ஏற்பிப் புரதம்; உடம்பில் மருந்து போய் ஒட்டுகிற இடம் அதுதான். மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் கண்டுபிடித்திருந்த மரப்பட்டைச் சாறு அதில் போய் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் மருந்து, இல்லையென்றால் வெறும் கஷாயம். சுண்டுவிரல் நுனி அளவு பாட்டிலில் நாலைந்து சொட்டுதான். அதற்காக அவர் மூன்று மாதம் காத்திருந்தார். மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்தே கிடக்க வேண்டிய பொருள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேபிளில் இருந்த விவரத்தைக் குறித்துக்கொள்வதற்காக அவள் அதை வெளியே எடுத்தாள். அந்த நேரம் பார்த்து கிள்ளான் பக்கம் மேருவில் இருந்த அவள் வீட்டுப் பக்கமிருந்து போன். அப்பா அய்யாவு குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார், கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும், கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பாட்டில் மேசைமேல் நின்றுவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏர்கோன் கிடையாது. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், கண்ணாடி மாதிரி இருந்த சொட்டுகள் பால் மாதிரி கலங்கிப் போயிருந்தன.

டாக்டர் பாட்டிலை வாங்கவில்லை. அவள் கையில் இருந்தபடியே குனிந்து பார்த்தார்.

"அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. தேவலாம், நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள்.

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது டாக்டர். நேரா உங்ககிட்டதான் வந்தேன்."

"அப்ப இனிமேலும் யாருக்கும் தெரிய வேணாம் லா. அதைச் சிங்க்ல ஊத்திடு. அப்பா விழுந்ததுக்கு ஒரு பிள்ளை வேலையை இழக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல."

அந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிடப் போவதாகவும், வேறு வேலைகள் நிறைய இருப்பதாகவும் சொன்னார். சந்திரகலாவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

சொன்னபடியே அவளுக்கு வேறு வேலை கொடுத்தார். அந்தப் புரதத்தைப் பற்றி ஒருநாளும் பேச்செடுக்கவில்லை. இரண்டாம் மாதமே வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. அவர்தான் பரிந்துரைத்தார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விஷயத்தைக் கேட்ட அய்யாவு, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று கண் கலங்கினார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கிள்ளான் கோயிலில் டாக்டர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தார். தீபாவளிக்கு அவள் ஒரு டின் முறுக்கை பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

1994 மார்ச்சில் பெரிய மாநாடு ஒன்று நடந்தது. சிங்கப்பூரிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விஞ்ஞானிகள் வந்திருந்தார்கள். டாக்டர் கனகலிங்கம் பேசும் நாளன்று, நீயும் அவசியம் வரணும் என்று அவளைக் கூப்பிட்டிருந்தார். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் முதல் படம் விழுந்தது. தலைப்பில் அந்த எலிப் புரதத்தின் பெயர்.

அவள் இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். கீழே வரிசை வரிசையாக எண்கள். புள்ளிகள் எல்லாம் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் நின்றன. மரப்பட்டைச் சாறு அந்தப் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்றார் டாக்டர். மருந்துக் கம்பெனி ஒன்று முன்வந்திருக்கிறது, வருடக் கடைசியில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம் என்றார்.

இன்னொரு பாட்டில் வரவழைத்திருப்பாரோ? வழியே இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவள் அவள்தான். அதற்குப் பிறகு அப்படி ஒன்று வரவேயில்லை.

சோதனை செய்ததாகத் திரையில் போட்டிருந்த தேதி, அவள் அதைச் சிங்க்கில் ஊற்றியதற்கு மறுவாரத்துத் தேதி.

சந்திரகலா எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் கைதட்டல் எழுந்தது.

பேச்சு முடிந்ததும் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் எழுந்தார். இவ்வளவு சுத்தமான எண்களைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றும், இந்தச் சோதனையைச் செய்த கை யாருடையது என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் சொன்னார்.

டாக்டர் கனகலிங்கம் சிரித்தபடி கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"எனக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை அந்தப் பாட்டிலைத் தொட்டவர் எங்கள் சந்திரகலா ஒருவர்தான். எழுந்து நில்லுங்கள் சந்திரகலா, எல்லோரும் உங்களைப் பார்க்கட்டும்."