இடம் மாறிய மூட்டைப்பூச்சி

ஆளுக்கொரு ஆறடிப் பெட்டியைப் படுக்கையறையாகத் தரும் மலிவான கேப்சூல் ஹோட்டலில் ஒரு பயணி போட்ட கூச்சலில் மருந்தடித்தார்கள். குடும்பத்தையே பறிகொடுத்த மூட்டைப்பூச்சி ஒன்று, அவன் பைக்குள்ளேயே ஒளிந்து தப்பியது.

அவன் நேராகப் போனது சொகுசுக் கேப்சூல் ஹோட்டலுக்கு. அதே ஆறடிப் பெட்டிதான். வாடகை மட்டும் ஐந்து மடங்கு. மெத்தைத் தையலுக்குள் கொழுத்த மூட்டைப்பூச்சி ஒன்று பேரன் பேத்திகளோடு படுத்திருந்தது.

"ஐயோ அக்கா, இங்கேயுமா! மருந்தடிக்க மாட்டாங்களா?"

"யாராவது சொன்னாத்தானேடி அடிப்பாங்க?"

"கடிச்சா சொல்ல மாட்டாங்களா?"

"இவ்வளவு குடுத்துட்டு எப்படிச் சொல்லுவாங்க? நீயே பாரு."

விடிந்ததும், உடம்பெல்லாம் தடிப்போடு எழுந்த பயணி வீட்டுக்குப் போன் போட்டான். முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "சொர்க்கம்மா! அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

வந்த பூச்சி அக்காவைப் பிடித்து உலுக்கியது.

"அடப்பாவி! ரெண்டே கடிக்கு எங்க குடும்பத்தையே கூண்டோட அழிச்சது இதே ஆளுதான்க்கா!"